மகாலட்சுமித் திடலில் குழந்தைக்கு என்ன வேலை?

பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மும்பை மகாலட்சுமித் திடலில் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயம் நடைபெறுவது வழக்கம். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஆங்கில நாளேடுகளின் இணைப்பிதழ்கள் களைகட்டிவிடும். எந்தத் தொப்பி அணியலாம், எந்தத் திரை நட்சத்திரம் வருவார், எந்தக் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்று பக்கம் பக்கமாகச் செய்திகள் வரும். இவற்றின் நடுவே ஓர் அழைப்பும் இருக்கும்: குடும்பத்தோடு வாருங்கள்; குழந்தைகளுக்கும் இது மறக்க முடியாத நாள். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் டெர்பிக்குப் போவது காதுகுத்தைப் போலவும் பள்ளியில் சேர்ப்பதைப் போலவும் வாழ்க்கைச் சடங்குகளுள் ஒன்றாகச் சித்தரிக்கப்படுகிறது.

இந்த அழைப்பைப் பொழுதுபோக்குச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஆளும் வர்க்கம் தன் பழக்கங்களை அடுத்த தலைமுறையிடம் கையளிக்கும் முறை இது. அந்தப் பழக்கங்களை நடுத்தர வர்க்கக் குடும்பங்களும் விரும்பி ஏற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே இதற்கு விடை கூறவேண்டிய கடமை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு.

குழந்தை காண்பதும் காணாததும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடும் குதிரை அழகானது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர் நான்கு கால்களும் தரையில் படாத ஒரு கணத்தில் காற்றில் மிதப்பதைக் காணும் குழந்தை வாய் பிளந்து நிற்பதில் வியப்பில்லை. அந்த வியப்பில் குற்றமும் இல்லை. அந்த வியப்பைக் காசாக்குவோரே குற்றவாளிகள்.

டெர்பியின் தூரம் 2400 மீட்டர். பந்தயம் முடிய ஏறக்குறைய இரண்டரை நிமிடங்கள் ஆகும். குழந்தைக்குக் காட்டப்படுவது அந்த இரண்டரை நிமிடங்கள் மட்டுமே. விடியுமுன் எழுந்து லாயத்தைக் கூட்டி, சாணம் அள்ளி, குதிரைக்கு உடல் தேய்த்துவிட்டுத் தீனி வைக்கும் பணியாளரைக் குழந்தை காண்பதில்லை. மும்பையில் அவரைச் சைஸ் என்பர். பந்தயத்துக்கு முன் வட்டத் திடலில் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திவரும்போது ஒருமுறை அவர் கண்ணில் படுவார். அப்போதும் கையேட்டில் குதிரையின் பெயர் இருக்கும், அதன் தாய் தந்தையர் பெயர் இருக்கும். அவர் பெயர் இராது. எடை கூடிவிடக்கூடாது என்பதற்காகப் பட்டினி கிடந்தும் வியர்வை வடித்தும் உடலை ஐம்பது கிலோ அளவிலேயே நிறுத்திவைக்கும் ஜாக்கியின் வயிற்றையும் குழந்தை காண்பதில்லை. ஓடும் குதிரைகளுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸும் ஓடிக்கொண்டிருப்பதைக் கூர்ந்து நோக்கும் குழந்தை மட்டும் கண்டுகொள்ளும். அது ஏன் என்று கேட்டால் பெற்றோர் என்ன விடை சொல்வர்?

குதிரையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே போட்டியில் இறக்கப்படுகின்றன. அவற்றின் எலும்புகள் முழு முதிர்ச்சி அடையவோ மேலும் சில ஆண்டுகள் பிடிக்கும். கால் முறிந்த குதிரையைத் திரை கட்டி மறைத்துக் கருணைக்கொலை செய்வது பந்தய உலகம் முழுவதிலும் உள்ள வழக்கம். திரை யாருக்காக? குதிரைக்குத் திரை தேவையில்லை. பார்வையாளர் வரிசையில் நிற்கும் குழந்தையின் கண்களிலிருந்து உண்மையை மறைக்கவே அது தேவைப்படுகிறது.

எந்தக் குழந்தையும் இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்வி, இது யாருடைய குதிரை என்பதாகும். குதிரையை வளர்ப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். உயிரைப் பணயம் வைத்து அதன்மேல் அமர்ந்து ஓட்டுபவரும் அல்லர். வளர்க்கவும் ஓட்டவும் செய்யாத ஒருவரே உரிமையாளர். கோப்பையை உயர்த்திப் பிடிப்பவரும் அவரே. உபரி மதிப்பைப் பற்றி இதைவிட எளிய பாடம் கிடையாது. ஆனால் மகாலட்சுமித் திடலில் இந்தப் பாடம் தலைகீழாகக் கற்பிக்கப்படுகிறது. உரிமையே சிறப்பு என்றும், உழைப்பு பின்னணியில் மறைந்து நிற்கவேண்டிய ஒன்று என்றும் குழந்தை மனத்தில் பதிகிறது.

மரபு என்னும் வாதம்

டெர்பியை ஆதரிப்போரின் முதல் வாதம் மரபு. அப்படியானால் மரபை முழுமையாகச் சொல்லட்டும். 1780இல் இங்கிலாந்தின் எப்சம் நகரில் தொடங்கிய பந்தயம் ஒரு பிரபுவின் பட்டப்பெயரைத் தாங்கியது. அதே எப்சமில் 1913ஆம் ஆண்டு டெர்பியின்போது, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய எமிலி டேவிசன் ஓடுபாதையில் இறங்கி, மன்னரின் குதிரையால் மோதுண்டு நான்கு நாட்களில் உயிர்நீத்தார். டெர்பியின் வரலாற்றில் குழந்தைக்குச் சொல்லத்தக்க கதை இதுவே. தொப்பிகளைப் பற்றி எழுதும் இணைப்பிதழ்களில் இக்கதைக்கு இடம் கிடைப்பது அரிது.

இந்தியாவுக்கு வருவோர் 1943ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் இந்தியன் டெர்பி அந்த ஆண்டில்தான் நடைபெற்றது. வென்ற குதிரை பரோடா மகாராஜாவுக்குச் சொந்தமானது. அதே 1943இல் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மடிந்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. கம்யூனிஸ்டுகளும் முற்போக்குக் கலைஞர்களும் கஞ்சித்தொட்டி நடத்திக்கொண்டிருந்த ஆண்டில் மன்னர்களும் வெள்ளை அதிகாரிகளும் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தனர். எந்த மரபில் குழந்தையை நிறுத்துவது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்.

மன்னர் போன பின் மூலதனம் வந்தது. நெடுங்காலம் டெர்பிக்குத் தன் சரக்கின் பெயரைச் சூட்டிய மதுபானக் குழுமத்தின் தலைவர்தான் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தையும் நடத்தினார். 2012 அக்டோபரில் அந்த விமானங்கள் நின்றன. ஊழியர்கள் பல மாத ஊதியமின்றித் தவித்தனர். அவர் 2016 மார்ச்சில் நாட்டைவிட்டே வெளியேறினார். குழந்தைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் மேடையில் எவரெவர் நின்றனர் என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

திறமை என்னும் வாதம்

இரண்டாவது வாதம் சட்டத்தின் துணையோடு வருகிறது. 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது வழக்குகளில் சிக்கி முடங்கியது. 1986இல் சென்னை ரேஸ் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று கூறி, 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது.

குதிரை ஓட்டுவதில் திறமை உண்டு, வளர்ப்பதிலும் உண்டு. அதை மறுப்பார் இல்லை. ஆனால் பணம் கட்டுவோரின் நிலை வேறு. டோட்டலைசேட்டர் முறையில் எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து கிளப் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அரசு வரியை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதே வென்றவர்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஆயிரம் பேர் எத்துணைத் திறமையோடு கட்டினாலும், ஆயிரம் பேரும் சேர்ந்து இழப்பது உறுதி. தனியொருவர் வெல்லலாம், அவர் வெல்வதும் பக்கத்தில் நிற்பவரின் பணத்தைத்தான். ஒரு மணி கோதுமைகூட, ஒரு முழம் துணிகூட அங்கே புதிதாக உருவாவதில்லை. திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் பொருட்பாலில் அமைந்துள்ளது என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ளலாம். ஒழுக்கக் கேடு என்பதோடு நில்லாமல், வாழ்வின் பொருளாதார அடிப்படையையே அரிக்கும் கேடாகவும் அதைத் தமிழ் மரபு கண்டது.

திறமை என்னும் அந்தச் சொல் திடலின் வேலிக்குள் நின்றுவிடவும் இல்லை. இணையத்தில் பணம் வைத்து ஆடவைத்த நிறுவனங்கள் அதே சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டே கைப்பேசிக்குள் நுழைந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் 2023 முதல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே பொறிக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கிய பின்னர், 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குதிரைப் பந்தயத்துக்கோ வேறு நீதி: 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகையின் மீது 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.; 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. வரியை உயர்த்துவதால் சூது ஒழியும் என்று ஒன்றிய அரசு சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், தோற்பவரின் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அரசு பங்காளியாகிறது. பங்காளி கடையை மூட விரும்புவாரா?

நிலம் யாருக்கு?

குழந்தைக்கு மும்பையில் உண்மையிலேயே தேவைப்படுவது ஓடுவதற்கு இடம். மகாலட்சுமித் திடலைச் சுற்றியுள்ள பரேல், வொர்லி பகுதிகள் ஒருகாலத்தில் பஞ்சாலைத் தொழிலாளரின் கிராமமாகவே இருந்தன. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் இறங்கினர். ஆலைகள் மூடப்பட்டன. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு என்றது 1991ஆம் ஆண்டு விதி. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், கட்டடம் இல்லாத நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கிவிட்டது. விளையாட்டுத் திடல் வரவேண்டிய இடத்தில் வணிக வளாகமும் கோபுரக் குடியிருப்பும் எழுந்தன.

அந்தப் பகுதியின் நடுவே பொதுமக்களுக்குச் சொந்தமான சுமார் 211 ஏக்கர் நிலம் குதிரைப் பந்தயத்துக்காகக் குத்தகையில் கிடந்தது. குத்தகை 2013 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. 2024இல் 120 ஏக்கரைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டு, 91 ஏக்கரை கிளப்புக்கு மேலும் 30 ஆண்டுகளுக்குத் தர மாநில அரசு முடிவு செய்தது. சென்னை கிண்டியில் நடந்ததும் இதே கதை. 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு! 730 கோடி ரூபாய் பாக்கி என்று கணக்கிட்டு, 2024 செப்டம்பரில்தான் தமிழ்நாடு அரசு அதை மீட்டெடுத்தது. பத்துக்குப் பத்து அறைக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் வாடகை கட்டும் தாராவித் தமிழ்த் தொழிலாளிக்கு இந்த எண்களைச் சொன்னால் போதும். வேறு விளக்கம் தேவைப்படாது.

பந்தயம் நின்றால் லாயத் தொழிலாளர் என்ன ஆவர் என்ற கேள்வியைக் கிளப்புகள் எழுப்புகின்றன. கேள்வி நியாயமானது, கேட்பவரின் வாய்தான் நியாயமற்றது. கேட்பவர்கள் அந்தத் தொழிலாளருக்கு இன்றே நிரந்தரப் பணியும் வைப்புநிதியும் மருத்துவக் காப்பீடும் தரட்டும். நிலத்தை மீட்கும் அரசு, அங்கு அமையும் பூங்காவிலும் பொது நிறுவனங்களிலும் அவர்களுக்கே முதலிடம் தரவேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் விடாப்பிடியாகக் கோர வேண்டும். தொழிலாளரைக் கைவிட்டு நிலத்தை மட்டும் மீட்பது இடதுசாரி நிலைப்பாடு ஆகாது.

இயக்கத்துக்குள்ளும் ஒரு குரல் கேட்பதுண்டு: குறைந்த கட்டண வரிசையில் நிற்பவர்கள் கூலித் தொழிலாளர்தாமே, அவர்களின் ஒருநாள் மகிழ்ச்சியில் ஏன் தலையிடவேண்டும் என்று. அந்தத் தொழிலாளி அறிவிலி அல்லர். முப்பது ஆண்டு உழைத்தாலும் ஒரு வீடு கட்ட முடியாது என்பதைச் சரியாகக் கணக்கிட்டவர் அவர். அதனாலேயே இரண்டரை நிமிடத்தை நம்புகிறார். அவரைப் பழிப்பது தவறு. அவருடைய நம்பிக்கையின்மையை மகிழ்ச்சி என்று பெயரிட்டு விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. கூலி உயர்வுக்கான போராட்டத்தில் அவரை அணிதிரட்டாத இயக்கம், அவரைப் புக்கியிடமே ஒப்படைக்கிறது. அவருடைய தோளில் அமர்ந்து வரும் குழந்தையையும் சேர்த்தே ஒப்படைக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மகாலட்சுமித் திடலின் முழு நிலமும் மக்களுக்குத் திரும்ப வேண்டும். அதில் ஓர் அங்குலமும் கட்டுமான நிறுவனங்களுக்குப் போகக்கூடாது. பந்தயம் நடக்கும்வரை பணம் கட்டும் பகுதிக்குள் குழந்தைகள் அனுமதிக்கப்படக்கூடாது. சூதைக் குடும்ப விழாவாகக் காட்டும் விளம்பரங்கள் தடுக்கப்பட வேண்டும். லாயத் தொழிலாளருக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். இவற்றைப் பகுதிக் குழுக்கள் மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும். பிறர் குதிரை ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க உழைப்பவர் வீட்டுக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் புல்வெளியில் அது தானே ஓட வேண்டும்.