நமக்கேன் வம்பு?

சொந்த ஊரை விட்டு அயல் மாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. "நமக்கேன் வம்பு?" என்பதே அது. சாலையோரத்தில் முதியவர் ஒருவர் மயங்கிச் சாய்ந்திருப்பார். உடன் வரும் குழந்தை நின்று பார்க்கும். நாமோ அதன் கையைப் பற்றி விரைந்து நடப்போம். புதிய ஊர், பழகாத மொழி, துணைக்கு உறவினர் இல்லை என்னும் நிலையில் அச்சம் எழுவது இயல்பே. ஆயினும் அந்த அச்சத்தையே நம் மக்களுக்குச் சீதனமாக வைத்துச் செல்லலாமா என்பதை இத்திங்கள் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தில்லி ராம்லீலா மைதானத்தில் ஒரு கலைநிகழ்ச்சி நடைபெற்றது. பிரதமர் நேருவும் அதைக் காண வந்திருந்தார். திடீரென்று பந்தலில் தீப்பற்றியது. அங்கே தொண்டு புரிந்துகொண்டிருந்த ஹரீஷ் சந்திரா என்னும் 14 வயதுச் சாரணச் சிறுவன், தன்னிடமிருந்த கத்தியால் எரியும் பந்தல் துணியைக் கிழித்து, சிக்கியவர்கள் தப்புவதற்கு வழி செய்தான். அவன் கைகள் தீயில் வெந்தன. பலருடைய உயிர்கள் பிழைத்தன. இச்செயல் நேருவின் உள்ளத்தைத் தொட்டது. வீரச்செயல் புரியும் சிறுவர் சிறுமியருக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. அன்று அச்சிறுவன் "நமக்கேன் வம்பு?" என்று எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஆபத்து வேளையில் ஒரு கணம் துணிவது ஒருவகை. நாள்தோறும் ஓசையின்றிச் செய்துவருவது மற்றொருவகை. கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். 80 வயதைக் கடந்த பின்னரும் விறகடுப்பின் முன் அமர்ந்து இட்லி சுட்டு, ஒன்று 1 ரூபாய்க்கு விற்றார். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் பலர் வேலையிழந்து தவித்தபோதும் அவர் விலையை உயர்த்தவில்லை. கூலிக்குச் செல்லும் ஏழைகள் வயிறார உண்ண வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறருக்கு உதவச் செல்வம் சேரட்டும் என்று காத்திருப்போர் இப்பாட்டியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

"உதவப் போய்ப் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் யார் அலைவது?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சாலை விபத்துகளைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு இன்று இடமில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்று நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது இப்பாதுகாப்பு சட்டத்திலேயே இடம்பெற்றது. கைம்மாறு கருதாது, நல்லெண்ணத்துடன் அடிபட்டவருக்கு உதவுபவர்மீது, உதவுகையில் அறியாது நேர்ந்த பிழைக்காக வழக்குத் தொடர இயலாது. விருப்பமில்லையேல் அவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலுள்ளோர் அனைவரும், குறிப்பாக வாகனம் ஓட்டும் இளைஞர்கள், இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் பிள்ளைகள் அனைவரும் தீயில் பாய வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவர்களுக்கென்றே அமைந்த தொண்டு ஒன்று நம்மிடையே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இவ்வூர் மொழி தெரியாது. மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைத்து, எந்த மாத்திரையை எப்போது உண்பது என்று விளக்குபவள் அடுத்த வீட்டுச் சிறுமி. வேலை தேடிப் புதிதாக வந்தவருக்கு ரயில் நிலையத்தில் எந்த வண்டியில் ஏறுவது என்று காட்டுபவன் பள்ளிச் சிறுவன். நாம் முதன்முதலில் இவ்வூரில் வந்து இறங்கிய நாளில், முன்பின் அறியாத எவரோ ஒருவர் நமக்கும் இவ்வாறு வழிகாட்டினார் அன்றோ? அவர் பெயரைக்கூட நாம் கேட்டுவைக்கவில்லை.

இத்தகைய பிள்ளை வீடு திரும்பும்போது, "எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்? பாடம் படிக்கவில்லையா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். என்ன செய்தான் என்று கேளுங்கள். இரவு உணவின்போது எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை பாராட்டுங்கள். பிறகு ஓர் அஞ்சலட்டையில் நமக்கும் எழுதுங்கள். அடுத்த திங்கள் முதல் இப்பகுதியில் அச்செய்திகளுக்கே முதலிடம் தருவோம்.