ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானாம்!

உடம்பு முடியவில்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எங்கேயாவது கட்டுப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கேனில் ஏதாவது தெரிய வேண்டும். சும்மா, "முட்டி வலிக்குது, மத்தியானத்துக்கு மேல மூளை ஓட மாட்டேங்குது, நல்லாத் தூங்கி எழுந்தாலும் அசதி போகல" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!" தீர்ந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன், அது ஒரு குற்றம். முடியாதவள் பட்டுக் கட்டலாமா?

எனக்கு வந்தது லைம் நோய். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், வீட்டுக்குப் பின்னால் மரக்காடு. வீடு வாங்கும்போது ரியல் எஸ்டேட் அம்மாள் கொல்லைப்பக்கம் மேய்ந்த மானைக் காட்டிக் காட்டித்தான் விலையை ஏற்றினாள். மானோடு உண்ணியும் வரும் என்று வாயைத் திறந்தாளா? மே, ஜூன் மாதங்களில் புல்லில் திரிகிற இளம் உண்ணி கசகசா மாதிரி இருக்கும். முழங்கால் மடிப்பில் உட்கார்ந்து ரத்தம் குடித்தால் மச்சம் என்றுதான் தோன்றும். அது விட்டுப்போன கிருமிக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், முழு கோர்ஸும் போட்டேன், கடித்த இடத்தில் வந்திருந்த சிவந்த வட்டம் மறைந்தது. அந்த மட்டில் யார்மேலும் குறையில்லை.

பெரும்பாலோருக்கு அத்தோடு சரியாகிவிடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டும் வலியும் அசதியும் மறதியும் மாதக்கணக்கில் இழுக்கும் என்று அமெரிக்க அரசின் சிடிசியே சொல்கிறது. வருஷத்துக்குச் சுமார் 4,76,000 பேர் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் அவர்கள் போட்ட கணக்குதான். பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் இருபதாயிரம், நாற்பதாயிரம் பேர் என்னை மாதிரி சோஃபாவில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சமா நஞ்சமா?

இவ்வளவு பேருக்கும் சேர்த்து டாக்டர் ஒதுக்குவது தலைக்குப் பதினைந்து நிமிஷம். அதில் பாதியை நர்ஸ் எடுத்துக்கொள்கிறாள். எடை, பிரஷர், அப்புறம் அந்தக் கேள்வி: "வலிக்கு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு, ஹனி." காலையில் எழும்போது ஏழு. வெந்நீரில் குளித்த பிறகு நாலு. உங்கள் பார்க்கிங்கில் இடம் தேடி நடந்து வந்ததில் மறுபடி ஆறு. எதைச் சொல்ல? "ஐந்து" என்பேன். ஐந்து என்றால் அவர்கள் அகராதியில் ஒன்றுமில்லை. டாக்டர் உள்ளே வருவார், முதலில் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், கடைசியிலும் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். "லேப்ஸ் எல்லாம் பிரமாதம்!"

ரத்தத்துக்கு மார்க் போடுகிறார், பாருங்கள். லைமுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு செய்த ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அது குணமான பிறகும் வருஷக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். ஆக, இன்றைக்கு இருக்கிற வலிக்கு அந்தப் பேப்பர் சாட்சியும் சொல்லாது, எதிர்சாட்சியும் சொல்லாது. மற்றபடி தைராய்டு, சர்க்கரை, விட்டமின் எல்லாம் நார்மல். அப்புறம் என்ன? "ஸ்ட்ரெஸ் இருக்கா? வயசு நாற்பத்தெட்டா? ஓ... மெனோபாஸ்." பெண்ணாய்ப் பிறந்தவளின் எல்லா வலிக்கும் தயாராய் ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள், அதில் போட்டு மூடிவிடுவார்கள்.

இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்த கதையைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்கிற ஊரில் பாலி மர்ரே என்று ஓர் அம்மா. தனக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல் என்று வருஷக்கணக்கில் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள். எல்லாம் மனப்பிரமை என்று சொல்லாத குறையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவள் விடவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதேதான் என்று விவரம் குறித்துக்கொண்டு 1975இல் மாநில சுகாதாரத் துறைக்கே போன் போட்டாள். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் என்ற இளம் டாக்டர் அவள் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். அதிலிருந்துதான் ஆரம்பம். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் வயிற்றுக்குள் பார்த்தது அதற்கு அப்புறம், 1981இல். ஓர் அம்மா புலம்பியதைக் காதில் வாங்கியதால் வெளிப்பட்ட நோயில், இன்றைக்கு அம்மாக்கள் புலம்பினால் கேட்க நேரமில்லை!

இன்னும் கொஞ்ச நாள் ஆன்டிபயாடிக் கொடுங்களேன் என்று கேட்கிறவர்கள் உண்டு. அதை டாக்டர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் நரம்பு வழியாகவும், மேலும் இரண்டு மாதம் மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது. டம்மி மருந்து வாங்கியவர்களைவிட நிஜ மருந்து வாங்கியவர்களுக்கு ஒன்றும் கூடுதலாகக் குணமாகவில்லை. நாள்கணக்கில் நரம்பில் குழாயைச் சொருகி வைத்ததில் வேறு கிருமி தொற்றி, உயிரே போனவர்களைப் பற்றி 2017இல் சிடிசி எழுதியது. சரி, மருந்து இல்லை. ஒப்புக்கொள்கிறேன். மருந்து இல்லை என்றால் பேச்சும் இல்லையா? "இது வரும், உங்க கற்பனை இல்லை, மெல்ல மெல்லக் குறையும், அதுவரை இப்படி இப்படி இருங்க" என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?

டாக்டர் மூடிய கதவுக்கு எதிரிலேயே ஒருத்தர் கடை விரித்திருக்கிறார். அங்கே ஒரு மணி நேரம் கேட்பார்கள், குறிப்பெடுப்பார்கள், நடுவில் உச்சுக் கொட்டுவார்கள், மூலிகை டீ கூடத் தருவார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருத்தர் நம் முட்டியைப் பற்றி முழு வாக்கியம் பேச விடுகிறாரே என்று கண்ணில் தண்ணியே வந்துவிடும். பில்லைப் பார்த்ததும் மறுபடி வரும். இன்ஷூரன்ஸ் எடுக்க மாட்டார்கள், ரொக்கம் அல்லது கார்டு.

தோழி ஒருத்தி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள், அப்படி ஒரு வெல்னஸ் சென்டருக்கு. பையன் லீவில் இருந்தான், காரோட்ட வந்தான். கால் வழியாக விஷத்தை உறிஞ்சும் வைத்தியமாம். பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை உப்பு, நடுவில் ஒயர் கோத்த உலோகச் சுருள். காலை வைத்து சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாச்சு, அப்புறம் காப்பி நிறம், மேலே நுரை. அந்தப் பெண் பரவசமாகிவிட்டாள். "பாருங்க, உங்க மூட்டுல இருந்த டாக்ஸின்! இந்த நுரை நிணநீர்லேர்ந்து!" சுவரில் சார்ட் வேறு. எந்தக் கலர் எந்த உறுப்பு என்று பெயின்ட் கடை கார்டு போல வரிசையாக. பையன் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி. சும்மா இருப்பானா? "கால் வைக்காம ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்" என்றான். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே டப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரும்பில் கரன்ட் விட்டு உப்புத் தண்ணீரில் வைத்தால் துரு வரும்மா, காலே வேண்டாம் என்று காரில் வரும்போது விளக்கினான். தோழிக்குக் கோபம். "எல்லாத்தையும் கேள்வி கேட்டா எப்படி குணமாகும்?"

இந்தக் கடைக்காரர்கள் வாயிலிருந்து அடிக்கடி உதிரும் ஒரு சொல் 'ஹெர்க்ஸ்'. நிஜமான விஷயம்தான். ஆன்டிபயாடிக் ஆரம்பித்த முதல் நாளில் கிருமிகள் சாகும்போது சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து, ஒரு நாளில் அடங்கும். இவர்கள் அதை ரப்பராக இழுத்துவிட்டார்கள். சொட்டு மருந்து குடித்து வயிற்றைப் புரட்டுகிறதா? ஹெர்க்ஸ். மூன்றாவது வாரமும் தலை சுற்றுகிறதா? ஆழமான ஹெர்க்ஸ். குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் மருந்து வேலை செய்கிறது. இன்னொரு பாட்டில் வாங்குங்கள்! அந்தப் பாட்டிலின் முதுகைத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், எந்த நோயையும் குணப்படுத்த அல்ல என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள். அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டத்தில் அப்படி வழி இருக்கிறது. சப்ளிமென்ட் என்று பெயர் வைத்தால் போதும், பலன் தரும் என்று மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏவிடம் முன்கூட்டி நிரூபிக்க வேண்டாம். வெள்ளித் துகள் கலந்த தண்ணீரைக்கூடக் குடிக்கச் சொல்கிறார்கள். நாள்பட்டால் தோல் சாம்பல் நீலமாக மாறும், மாறினால் திரும்பாது. அதையும் ஹெர்க்ஸ் என்பார்களோ என்னவோ.

இதில் எனக்கு நெஞ்சு வேகிற இடம் ஒன்று உண்டு. லைமுக்கென்று புகழ்பெற்ற மூலிகைப் பட்டியலில் முக்கியமான ஒரு சரக்கு, கண்ணாடிக் குப்பியில் துளிசொட்டியோடு, விலையைப் பார்த்தால் தலை கிர்ரென்கிறது. பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ். தேடிப் பார்த்தால் நம்ம நிலவேம்பு! டெங்கு சீசனில் தமிழ்நாட்டில் தெருமுனையில் அண்டா வைத்து டம்ளர் டம்ளராக ஊற்றுவார்களே, அந்தக் கசப்பு. சரி, கேட்கிறதா அது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பல மூலிகைகளைச் சோதனைக் குழாயில் லைம் கிருமிமேல் போட்டுப் பார்த்து 2020இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் கிரிப்டோலெபிஸ் போன்ற சில நன்றாகவே கிருமியைக் கொன்றன. நிலவேம்பு அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, வெள்ளித் தண்ணீரும் அப்படியே. கொன்றவையும் கண்ணாடிக் குழாயில்தான் கொன்றன, மனுஷ உடம்பில் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இதைச் சொன்னால் விற்கிறவருக்கும் கோபம், ஊரிலிருந்து கூரியரில் நிலவேம்புப் பொடி அனுப்பிய பெரியம்மா பையனுக்கும் கோபம்.

சொந்தக்காரர்களை என்ன சொல்ல! பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருகிற வைத்தியத்துக்கு அளவில்லையா? டாக்ஸிசைக்ளின் பாட்டிலில், பால், கால்சியத்தோடு சேர்த்துப் போடாதே என்று மருந்துக்கடைக்காரன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அம்மாவோ ராத்திரி மாத்திரையை மஞ்சள் பாலோடு போடு என்றாள். சித்தப்பா சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்கிறார், ஜனவரியில், வழுக்கும் பாத்டப்பில். பக்கத்து வீட்டுக்காரி தன் நாய்க்கு வருஷா வருஷம் லைம் தடுப்பூசி போட்டு வருகிறாள், எனக்கு அனுதாபமும் சொல்கிறாள். மனுஷருக்கும் 1998இல் ஓர் ஊசி வந்தது. பயமும் வழக்குமாய் விற்பனை படுத்து 2002இல் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. நாய்க்கு உண்டு, எனக்கு இல்லை.

அப்போ உனக்கு எதுதான் கேட்டது என்று கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் முட்டியில் வெந்நீர். மதியம் தலை மந்தமாகுமுன் முக்கியமான வேலையை முடித்துவிடுவது. நன்றாயிருக்கிற நாளில் ஆசையாய் வீடு பூரா துடைத்துவிட்டு அடுத்த ரெண்டு நாள் படுக்காமல், பாதி ஹாலைத் துடைத்துவிட்டு மாப்பைச் சாத்தி வைப்பது. டவுன் லைப்ரரியில் பாட்டிகளோடு சேர்ந்து இலவச தாய் சீ. என்னைவிட அவர்களுக்கு நன்றாக வளைகிறது! அக்குபங்சர் செய்த அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம். ஊசியாலா, ஒரு மணி நேரம் யாரும் "அம்மா" என்று கூப்பிடாத இருட்டறையில் படுத்ததாலா, யார் கண்டது? இதெல்லாம் கிருமியைக் கொல்லாது. கொல்லும் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். நாளைக் கொஞ்சம் ஓட்ட உதவும், அவ்வளவுதான். அந்த அவ்வளவை ஒரு டாக்டராவது தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். இலவசம் பாருங்கள், எவனுக்கும் அக்கறையில்லை.

எழுதிக் கொடுத்த ஒன்றே ஒன்று பிசியோதெரபி. நிஜமாகவே பலன் தெரிந்தது. மாடிப்படியில் கைப்பிடியை விட்டு ஏற ஆரம்பித்தேன். உடனே இன்ஷூரன்ஸிலிருந்து கடிதம்: முன்னேற்றம் ஏற்பட்டிருப்பதால் இனித் தேவையில்லை. நிறுத்தினார்கள், வலி திரும்பியது, மறுபடி கேட்டோம். இன்னொரு கடிதம்: போதிய முன்னேற்றம் இல்லாததால் அனுமதிக்க இயலாது. கூடினாலும் குறைந்தாலும் பாட்டில் வாங்கு என்பவன் ஒரு பக்கம், கூடினாலும் குறைந்தாலும் கிடையாது என்பவன் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்களா?

அப்பீல் பண்ணலாமாம். வலியை விளக்கி டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். கிளினிக்குக்கு போன் போட்டேன். அடுத்த அப்பாயின்ட்மென்ட் அக்டோபரில்தான் இருக்கிறதாம், கேன்சலேஷன் லிஸ்டில் பேரைப் போடட்டுமா என்றாள் அந்தப் பெண். போடும்மா, போடு.