விதைத்தவர் ஒருவர்



நள்ளிரவில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் நிமிர்த்தி, விடியலுக்காகக் காத்திருந்த அன்னையர் எத்தனையோ பேர்! அத்துயர் தணிய வழிகோலியவருள் ஒருவர், பெர்லின் நகர உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்.

யூதர் என்பதற்காகவே 1933-இல் அவர் பணியிழந்தார். இலண்டன் அடைக்கலம் தந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சார்லஸ் கெல்லவேயுடன் இணைந்து பாம்பு நஞ்சை ஆராய்ந்தார். நாகத்தின் நஞ்சு செலுத்தப்பட்ட கினிப்பன்றியின் நுரையீரலிலிருந்து, தசையை மெல்லச் சுருக்கி நெடுநேரம் தளரவிடாத பொருளொன்று வெளிப்படுவதை 1938-இல் இருவரும் அறிவித்தனர். கடும் ஒவ்வாமையிலும் அத்தகைய பொருள் தோன்றுவதை 1940-இல் கெல்லவே தம் துணைவர் ஒருவருடன் கண்டறிந்தார். அதன் வேதியியல் அமைப்பு மட்டும் புலப்படவில்லை. 1952-இல் கெல்லவே மறைந்தார்.

1979-இல்தான் சுவீடன் அறிஞர் சாமுவேல்சன் குழுவினர், அது லூக்கோட்ரையீன் எனத் தெளிந்தனர். மூச்சுக்குழலைச் சுருக்கி, வீக்கமும் சளியும் விளைவிக்கும் பொருள் அது. அதனைத் தடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு 1998-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இடையில் கழிந்தவை அறுபது ஆண்டுகள்!

விதைத்தவர் விளைச்சலைக் காணவில்லை. ஆயினும் விதை பொய்க்கவில்லை. பெற்றோரே, பலன் காணாமல் நீங்கள் சோர்ந்திருக்கும் நல்லுழைப்பும் அத்தகையதே.