ரேசிங் பிஸ்டனும் எங்கட பொடியன்மாரும்



போன மாதம் என்னிடம் படித்த பொடியன் ஒருவன் மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் விழுந்தான். ஓடிக்கொண்டிருந்த பைக்கின் எஞ்சின் ஒரேயடியாக இறுகி, பின் சில்லு சுற்றாமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் சாரதி நேரத்துக்குப் பிரேக் பிடித்ததால் பிள்ளை தோள் எலும்பு முறிவோடு தப்பினான். ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஸ்பீட்டுக்கு வந்த வினை."

எனக்கு அது போதவில்லை. எஞ்சின் கழற்றும்போது கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்தது கம்பனிப் பிஸ்டன் இல்லை, ஆரோ விற்ற "ரேசிங்" பிஸ்டன். பக்கமெல்லாம் உரஞ்சி, அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக் கிடந்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கவேணும். சூடாகும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தலைமயிர்த் தடிப்பிலும் குறைந்த இடைவெளி ஒன்று விடுகிறார்கள். கம்பனிப் பிஸ்டன் பெரும்பாலும் வார்த்தது. சிலிக்கன் கூட, விரிவது குறைவு. ரேஸுக்கென்று செய்வது அடித்து உருவாக்கிய பிஸ்டன். பலம் கூட, ஆனால் அதில் பலவகை சிலிக்கன் குறைந்த கலவை என்பதால் கூட விரியும். அதற்கு இடைவெளியும் கூட வேணும். குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் டக் டக் என்று சத்தம் கேட்கும், சூடானதும் அடங்கும். எங்கட பொடியன் அந்தச் சத்தம் பிடிக்காமல் லேத்தில் "டைட்டாக" போர் அடிக்கச் சொல்லியிருக்கிறான். அவர்களும் வழமையான அளவுக்கே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ரிங் வாய் இடைவெளியையும் ஒருவரும் அளக்கவில்லை. 57 மில்லிமீற்றர் துளை என்றால் அது ஏறக்குறைய 0.23 மில்லிமீற்றராவது இருக்கவேணும்.

இன்னொன்று, தலை உயர்ந்த பிஸ்டன் போட்டால் அமுக்கம் கூடும். அதற்கு 95 ஒக்டேன் அடிக்கவேணும். இவன் அடித்தது 92.

நல்ல கம்பனிகளின் ரேசிங் பிஸ்டனை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் வைசெகோ போன்றவர்கள் பெட்டிக்குள்ளேயே எவ்வளவு இடைவெளி விடவேணும் என்று தாள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இவனுடைய பெட்டியில் தாளும் இல்லை, செய்தவன் பெயரும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய பைக்குகளைத் திரும்பத் திரும்ப போர் அடித்துத்தானே ஓடினோம்? பெயரில்லாத சாமான் அப்படித்தான் பழகிப்போனது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பைக்கைப் பறித்து வைப்பதால் இது முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் எம்.டி.90 ஓட்டிய மண் இது, கைவேலை எங்கட பிள்ளைகளுக்கு இரத்தத்தில் இருக்கிறது. (நானும் அந்தப் புகையைக் குடித்தவன்தான்.) குறைவது அளக்கிற பழக்கம். அதைப் படிக்க கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது, வாகனத் தொழில்நுட்பமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவே இருக்கிறது. ஆனாலும் "கராஜுக்குப் போகவா படிப்பித்தேன்" என்று கேட்கிற வாப்பாமாரையும் அப்பாமாரையும் நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

ஓடத்தான் ஆசை என்றால் அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் நடக்கிற ஓடுபாதை இருக்கிறது, வவுனியாவிலிருந்து பெரிய தூரமில்லை. முதலில் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஹெல்மெட்டோடும் உடற்கவசத்தோடும் ஓடுகிறார்கள், எதிரில் பஸ் வராது. ஏ9 இல் காலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் மைக்ரோமீற்றர் வைத்து அளந்து போர் அடிக்கிற லேத் எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சனிக்கிழமை பின்னேரம் பொடியன்மாருக்கு ஒரு மணித்தியாலம் அளவெடுக்கச் சொல்லிக் கொடுக்கக்கூடிய பாஸ்மார் இருந்தால் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். இடம் நான் ஒழுங்குபடுத்துகிறேன்.