கதவைக் கழற்றினால் குளிராது

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சார், பையன் கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவுல நின்னு நின்னு போகுது. ஒரு தடவை வந்து பாருங்க." போனேன். கேபினட்டின் பக்கக் கதவு கட்டிலுக்கடியில் கிடந்தது. திறந்து கிடந்த பக்கத்துக்கு நேரே டேபிள் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "சர்வீஸ் பண்றவர்தான் சொன்னாரு சார், தொறந்து போட்டா காத்து நல்லா போகும்னு."

பத்து வருடமாக இதே பேச்சைக் கேட்கிறேன். கம்ப்யூட்டர் சூடாகிறதா, கதவைக் கழற்று. படப்பை முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி இருக்கும் வீடெல்லாம் இதுதான் வைத்தியம். எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீடு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டி இருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசிக் காற்றைத்தான் டேபிள் ஃபேன் மதர்போர்டின் மேல் வாரி இறைத்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசர் மேலிருக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. கிராபிக்ஸ் கார்டின் மேல் பல்லி எச்சம். காற்று போக வேண்டிய இடத்தில் ஊசி நுழையவும் இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் தெரியுமா? ஒரகடத்தில், வாகன ஆலை ஒன்றின் பெயின்ட் ஷாப்பில். காற்றைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கக்கூடியவர். பெயின்ட் ஷாப்பில் காற்று ஃபில்டர் வழியாக மட்டுமே உள்ளே வரும். உள்ளே தள்ளுவது சற்று அதிகம், வெளியே இழுப்பது சற்றுக் குறைவு. அதனால் உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கும். எந்த இடுக்கிலும் காற்று வெளியேதான் கசியும், தூசி உள்ளே வராது. சூடாக இருக்கிறது என்று அங்கே யாராவது கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆலையில் தெரிந்த விஷயம் வீட்டு வாசற்படி ஏறியதும் எங்கே போய்விடுகிறது?

கணினிக்கும் அதே கணக்குத்தான். முன்பக்கம் வலை வழியாகக் குளிர்ந்த காற்று வர வேண்டும். கிராபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் தடவிக்கொண்டு பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியேற வேண்டும். பக்கத்தைத் திறந்துவிட்டால் முன் ஃபேன் இழுத்த காற்று பாதியிலேயே வெளியே ஓடிவிடும். ஹார்ட் டிஸ்க்கும், பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியும் அசையாத காற்றில் வேகலாம். கிராபிக்ஸ் கார்டு கக்கிய சூட்டை அதன் ஃபேனே திரும்ப உறிஞ்சக்கூடும்.

கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகளுக்கு இது தெரியாதா? பென்டியம் 4 காலத்தில் பிராசசர்கள் கொதிக்கத் தொடங்கியபோது இன்டெல் ஓர் இலக்கு வைத்தது: அறை 35 டிகிரி இருந்தாலும் பிராசசர் ஃபேனை எட்டும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கு அவர்கள் கதவைக் கழற்றச் சொல்லவில்லை. மூடிய பக்கக் கதவில் ஒரு குழாய் பொருத்தி, வெளிக்காற்றை நேரே பிராசசரிடம் கொண்டுபோனார்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2007-இல் ஆலை தொடங்கிய டெல்லின் ஆபீஸ் கணினி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஓரிரு ஃபேன்தான் இருக்கும். ஆனால் காற்று எங்கே நுழைந்து எங்கே போக வேண்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டு வழி கட்டியிருப்பார்கள். மூடியபடியே வருடக்கணக்கில் ஓடும்.

"தொறந்ததும் அஞ்சாறு டிகிரி குறைஞ்சுதே சார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குறையும். அந்த முதல் வாரம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. திறந்ததும் சூடு குறைந்தால் உங்கள் கேபினட்டுக்கு முன்பக்கம் மூச்சு இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் விலாவைப் பிளந்து வைப்பது என்ன வைத்தியம்?

மூச்சில்லாத கேபினட்டை விற்றவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சென்னை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகளில் போய்க் கேளுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, ஏழு நிற விளக்கு ஃபேன்களை அதன் பின்னால் அடைத்த பெட்டியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கண்ணாடி வழியாகக் காற்று எப்படி வரும்? ஃபேனின் எண்ணிக்கையைச் சொல்லி விற்கிறார்கள், வழியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 400 வாட் சூட்டை, அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற நிமிடத்துக்குச் சுமார் 70 கன அடி காற்று போதும். வழி திறந்திருந்தால் நல்ல 120 மி.மீ. ஃபேன் இரண்டு மூன்று அந்த வேலையைச் செய்துவிடும். கம்ப்யூட்டர் டேபிள் செய்கிறவர்களும் அப்படித்தான்: மூன்று பக்கமும் பலகை அடித்த பொந்துக்குள் கேபினட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வீடு கட்டுகிறவர்களும் அப்படித்தான். வாசலில் நின்றால் கொல்லை தெரியும்படி கட்டிய ஊர் இது. இன்றைக்கு ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறையைக் கட்டி, ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பெட்டியோ வீடோ, காற்று வந்தால் போக வழி வேண்டும் என்ற நினைப்பே அற்றுப்போய்விட்டது.

அன்று நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊதினேன். காய்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். முன்னால் உள்ளிழுக்க இரண்டு, பின்னால் வெளியே தள்ள ஒன்று என ஃபேன்களை மாட்டினேன். ஏற்கெனவே இருந்த பின் ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டு, வெளியேற வேண்டிய சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வயர்களைப் பின்பக்கம் ஒதுக்கிக் கட்டினேன். கேபினட்டைத் தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கடைசியாகக் கட்டிலுக்கடியில் கிடந்த கதவைத் துடைத்து மாட்டினேன். பையன் தன் டிராயிங் வேலையைத் திறந்து இரண்டு மணி நேரம் ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"முன்னாடி வலையை மாசம் ரெண்டு தடவை கழுவு தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த வாரம் அவருக்கு பி ஷிஃப்ட். பெயின்ட் ஷாப்புக்குள் போகுமுன் ஏர் ஷவரில் நின்று, சட்டையில் ஒட்டிய தூசியைக்கூட உதறிவிட்டுத்தான் உள்ளே போவார். அவருக்குப் பின்னால் கதவு இறுக மூடும். ஏன் மூடுகிறது என்பதை அந்த நேரத்தில் அவரே நினைத்துப் பார்க்கட்டும்.