"காலையில நல்லாத்தானே இருந்தா!"



இந்த ஒரு வசனத்தை வைத்தே எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சகோதரியை இரண்டு வருடம் வதைத்தோம். அவரின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பெயர் கேட்காதீர்கள்.

முதலாம் பாடவேளையில் கணீரென்று படிப்பிப்பார். ஏழாம் பாடவேளையில் குரல் மூக்கால் வரும், ஒரு கண்ணிமை பாதி மூடிவிடும். "நடிப்பு" என்றோம். "லீவுக்கு வழி தேடுறா" என்றோம். ஊரில் சிலர் செய்வினை என்று நூலும் கட்டிவிட்டார்கள்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தை விட்டுத்தான் தசைக்குக் கட்டளை கொடுக்கிறது. தசையில் அதை ஏற்கும் இடங்களை உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளே தாக்குகின்றன. பாவிக்கப் பாவிக்கத் தசை சோரும், ஓய்வெடுத்தால் பலம் திரும்பும். நாம் எதை நடிப்புக்குச் சாட்சியாகக் காட்டினோமோ, அதுவேதான் நோயின் அடையாளம்!

"எல்லாரும் நோன்பு பிடிக்கிறோம், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்கும் மாமிமாரே! பைரிடோஸ்டிக்மின் குளிசை சில மணி நேரம்தான் வேலை செய்யும். பகலிலும் போட்டாக வேண்டும். நோயாளிக்கான சலுகையை சூரா பகராவில் அல்லாஹ்வே தந்திருக்க, அதைப் பறிக்க நாம் யார்?

ஓதிப் பார்ப்பது பிழையா என்று கேட்பீர்கள். ஓதுங்கள், துஆ கேளுங்கள். குளிசையை நிறுத்திவிட்டு ஓதாதீர்கள். ஸ்டீரொய்ட் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அதிபர்மாரே, நேரசூசியில் காலைப் பாடவேளைகளைக் கொடுங்கள். மேல்மாடி வகுப்பு வேண்டாம்.

வீட்டாரே, பார்மசியில் கேட்டு ஆன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிப்ரோபிளொக்சசின் போன்றவை இந்நோயைக் கூட்டிவிடும். மூச்செடுக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே 1990க்கு அழையுங்கள்.

இது தொற்றாது. மருந்தோடும் ஓய்வோடும் பலர் வேலை செய்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். பின்னேரத்தில் இமை விழுகிற, இரட்டையாகத் தெரிகிற, சோற்றை மென்று முடிக்க முடியாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். சிரிக்கப் பார்த்தார், முகத் தசை இடம் கொடுக்கவில்லை. அதையும் ஒரு காலம் "பெருமைக்காரி, சிரிக்கவும் மாட்டா" என்று பேசியவர்கள் நாங்கள்தான்.

அல்லாஹ் எம்மை மன்னிப்பானாக.