எடைக்குப் போகிறது நம் பிள்ளைகளின் அந்தரங்கம்

பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் உண்டு. முழுதும் படியுங்கள்.

போன மாதம் எடமலைப்பட்டி புதூர் கடைவீதியில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பள்ளியின் உதவித்தொகை விண்ணப்பம். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஒரு பெண் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, சாதி, அப்பாவின் ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், அம்மாவின் கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. வகுப்பில் பக்கத்தில் உட்காருபவளிடம்கூட அந்தப் பிள்ளை சொல்லக் கூசும் விஷயங்கள், பத்து ரூபாய் கடலையோடு என் கைக்கு வந்துவிட்டன.

கடலை விற்பவரையோ பழைய பேப்பர் கடைக்காரரையோ நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது வெறும் காகிதம், கிலோ கணக்கு. கேட்டு வாங்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஜெராக்ஸ் குறைந்தால் கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாயை "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்புகிற கண்டிப்பு, வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் காப்பதில் மட்டும் எங்கே போனது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அது டிஜிட்டல் தரவுக்கான சட்டம். காகிதத்தில் வாங்கிய விவரத்தையும் கணினியில் ஏற்றினால்தான் அது சட்டத்துக்குள் வரும். ஏற்றாமல் பீரோவில் கிடந்து, அப்படியே எடைக்குப் போகும் காகிதம் அதன் கண்ணில் படாது. உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. மை வயிற்றுக்குள் போகுமே என்ற கவலை நல்லதுதான். அந்த மையில் ஒருவர் வாழ்க்கை எழுதியிருந்தால் அதற்கும் யாராவது கவலைப்பட வேண்டாமா?

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்று, மக்கள் வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதும் என்றார்கள். கொடுக்கிற நாம் கவனமாக இருக்க வேண்டுமாம். வாங்கி மூட்டை கட்டுகிறவர்கள்?

"இப்போதெல்லாம் போனில்தானே திருடுகிறார்கள், குப்பையை யார் கிளறப் போகிறார்கள்?" என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். போனில் பேசுகிறவன் உங்கள் அப்பா பெயரையும் வங்கிக் கிளையையும் சரியாகச் சொன்னால்தானே நீங்கள் நம்புகிறீர்கள்? அந்த விவரங்கள் ஒரு காகிதத்திலிருந்தும் போயிருக்கலாம்.

"நாலாகக் கிழித்துத்தானே போடுகிறோம்" என்பார்கள். 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது, உள்ளே இருந்தவர்கள் ரகசியத் தாள்களை எந்திரத்தில் நீள நீளமாக நறுக்கியிருந்தார்கள். ஈரானியர்கள் கம்பளம் நெய்பவர்களையும் உட்கார வைத்து அவற்றை ஒட்டிச் சேர்த்து, புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நீங்கள் நாலாகக் கிழித்ததை ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

என் மாணவர்களில் பலர் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். தலைமையாசிரியர், வங்கி ஊழியர், வி.ஏ.ஓ. அலுவலகம், மருத்துவமனை, ஜெராக்ஸ் கடை. உங்களிடம்தான் கேட்கிறேன். தேவையில்லாத நகலைக் கேட்காதீர்கள். அசலைப் பார்த்துச் சரிபார்த்தால் போதுமென்றால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். விதிப்படி வைக்க வேண்டிய காலம் முடிந்ததும், பொடியாக நறுக்கும் எந்திரத்தில் போட்டு, யார் முன்னிலையில் எந்தத் தேதியில் அழித்தோம் என்று பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு எந்திரம் வாங்கப் பணமில்லை என்று சொல்லாதீர்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடப் பணம் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு எந்திரம்கூட வேண்டாம். கொடுக்கும் நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதுங்கள். பழைய வங்கித் தாள், மருந்துச்சீட்டு, பார்சல் மேல் ஒட்டிய முகவரி இவற்றைத் தெருவில் கொளுத்திப் புகை போடாதீர்கள். பக்கெட் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கையால் பிசைந்துவிடுங்கள். நம் பாட்டிமார் காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து முறத்துக்குப் பூசினார்களே, அதே வேலைதான். பூசிய முறத்திலிருந்து யாராவது கணக்கு எண்ணைப் படிக்க முடியுமா?

லைக் வேண்டாம். நாளை உங்கள் அலுவலகத்தில் பழைய காகிதத்தை எடைக்கு அனுப்பும்போது, மூட்டையை அவிழ்த்து ஒருமுறை பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பிள்ளையின் பெயராக இருந்தால் அனுப்புவீர்களா?